குசும்பு குறையலீங்க அப்புச்சி, காதுதான்

அன்புள்ள அப்புச்சிக்கு,

திண்ணையில எல்லாரும் சிரிச்சு முடிச்ச பொறகுதான் நீங்க சிரிக்கிறீங்க. வீட்டுல "வயசாச்சு, சிடுசிடுப்பு வந்திருச்சு"ங்கறாங்க. அது இல்லீங்க. கோயமுத்தூர்க் குசும்பு மூஞ்சிய மாத்தாம, குரல ஏத்தாம, கடைசி வார்த்தையில வெச்சுக் குத்தறது. அந்த ஒரு வார்த்தை நழுவினா மொத்தமும் போச்சு.

வயசுல வர்ற காது மந்தம் கீச்சு ஒலியத்தான் மொதல்ல தின்னும். உயிரெழுத்து கேக்கும், க, ச, ப மங்கிரும். பல்லும் கல்லும் ஒண்ணாயிரும். "கேக்குது, ஆனா வெளங்கல"ன்னு நீங்க சொல்றது இதத்தான். மாமனோட கட்டைக்குரல் புரிஞ்சு, பேத்தி பேசறது புரியாததும் இதனாலதான். அவளக் கத்தச் சொல்லாதீங்க, கத்தினா இன்னும் சிதையும். டிவிய நிறுத்திட்டு, மூணடி தூரத்துல மொகம் பாத்து நிதானமாப் பேசச் சொல்லுங்க.

மொதல்ல குரும்பி, அதாவது காது அழுக்கு, இருக்கான்னு காது டாக்டர் பாக்கட்டும். கோழி எறகு, ஊக்கு ரெண்டும் அத உள்ள தள்ளி அடைச்சிரும். காய்ச்சின எண்ணெய் செவிப்பறையச் சுட்டுரும். ஒரு காது திடீர்னு அடைச்சுப்போனா மட்டும் நாள் கடத்தாதீங்க, அன்னிக்கே போங்க. மத்த மந்தத்தையும் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாமுங்க: மறதி நோய்க்கு நாம மாத்தக்கூடிய 14 காரணங்கள்ல இதையும் லான்செட்டுங்கற மருத்துவ இதழோட 2024 அறிக்கை சேத்திருக்குது.

காது கேக்கற மிஷின வாங்கி பீரோவுல பூட்டறவங்கதான் நம்மூருல ஜாஸ்தி. மொத நாள் ஃபேன், தட்டு, கொழாத்தண்ணி எல்லாமே இடி மாதிரி கேக்கும். மூளைக்கு அந்தச் சத்தமெல்லாம் மறந்துபோயிருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குள்ள தெனமும் 1, 2 மணி நேரத்துல ஆரம்பிங்க. பழகப் பழகத் திண்ணை, சந்தை கடைசி. விசில் அடிச்சா காதுல சரியா உக்காரலைன்னு அர்த்தம், இல்லாட்டி குரும்பி. பட்டன் பேட்டரியில ஒட்டியிருக்கற தாளப் பிரிச்சதும் ஒரு நிமிஷம் காத்துப்பட வெச்சுப் போடுங்க. காத்து பட்டாத்தான் அது வேலை செய்யும். எண்ணெய் தேச்சுக் குளிக்கறப்பக் கழட்டி வெச்சிருங்க. வருமானம் கம்மியான 60 தாண்டினவங்களுக்கு 2017-ல வந்த மத்திய அரசோட வயோஸ்ரீ திட்டத்துல மிஷினும் பல்செட்டும் இலவசம்.

பல்செட்டுன்னதும் ஞாபகம் வருது. நழுவும்னு வாயப் பொத்திச் சிரிக்கிறீங்களே, தாடை எலும்பு தேய்ஞ்சு செட்டு தொளதொளத்திருக்கும். பல் டாக்டர் உள்பக்கம் புதுசாப் பூசி இறுக்கித் தருவாரு. சுடுதண்ணியில போட்டுராதீங்க, வளைஞ்சிரும். கழுவறப்ப அடியில ஒரு போசி நெறையப் பச்சத்தண்ணி வெச்சுக்கங்க, கைதவறினாலும் ஒடையாது.

இப்படிக்கு,
உங்க பேரப்பிள்ளைங்க