பேய்களின் பந்தியும் மோர்க்கூழும்: எங்கள் வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சட்ஸ்வொர்த்தில் இந்த ஆண்டு நான்கு முறை கூடினோம். முதல் மூன்றின் குறிப்பு பதிவேட்டில் இருக்கிறது. நான்காவதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

மாரியம்மன் கூழ் முடிந்த மறுவாரம் 'பேய்களின் பழக்கவழக்கம்' என்று தலைப்பு வைத்தோம். நாம் கேட்டிருந்த மண்டபத்தை அன்று ஒரு கல்யாணத்துக்கும் கொடுத்திருந்தார்கள். எனக்கு மிகவும் வருத்தம். சரி என்று பொருளாளர் வீட்டு கராஜில் பாய் விரித்தோம்.

எடுத்துக்கொண்டது செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. போர்க்களத்தில் கூழ் காய்ச்சப் போகும் பேய்கள் முதலில் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, யானை விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. என்ன ஒழுங்கு! அப்புறம் முரசுதான் உரல், தந்தம் உலக்கை, செத்தவர் பல் அரிசி. குற்றும்போது சோழனைப் புகழ்ந்து பாட்டும் உண்டு. பந்தியில் ஆளுக்கொரு ஆசாரம். உயிர்க்கொலை ஆகாத சமணப் பேய் ஒரு பொழுதுதான் உண்ணும். அதற்குக் கூழில் மயிர் இருக்கிறதா என்று பார்த்து வடித்து ஊற்ற வேண்டும். ஓட்டைக் கலம் வைத்திருக்கும் பேயோ, எங்கே ஒழுகுகிறது என்று கவிழ்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திகைத்து நிற்கிறது. அந்த இடத்தில் ஓர் ஆயா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஏறக்குறைய 900 ஆண்டுக்கு முந்தைய பாட்டு இது.

பிறகு பேச்சு இந்நாட்டு ஜூலு மக்களின் கதைகளில் வரும் டோக்கோலோஷி என்ற குட்டிப் பேய்க்குப் போனது. குள்ளம், உடம்பெல்லாம் மயிர், கூழாங்கல்லை விழுங்கினால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு எட்டக் கூடாதென்று கட்டில் காலுக்கடியில் செங்கல் வைப்பார்கள். அது நம் பேய்ப் பந்திக்கு வந்தால் என்ன ஊற்றுவது? ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. புளித்த பால் அதற்குப் பிடிக்கும் என்பதால் மோர்க்கூழ் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கல்லை விழுங்காமல் வர வேண்டும், இல்லையென்றால் ஊற்றுகிறவருக்குக் கலம் தெரியாது என்ற திருத்தமும் நிறைவேறியது.

இதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து டர்பன் வந்தது. அப்படி வந்தவர்கள் சொன்ன பேய்க்கதைகளை இப்போது நாம் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறோம். உரல், உலக்கை என்றால் அன்று வந்திருந்த பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. வரும் ஆண்டு ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பேய்க்கதையைத் தமிழிலேயே கைபேசியில் பதிந்து கொண்டுவர வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அன்று கூழ் காய்ச்சிய அண்டா இன்னும் அவர் கராஜில்தான் இருக்கிறது. கோயிலில் திருப்பிக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும்.

செயலாளர்