புது மெஷின் வாங்கும் முன்: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

கடிதம் வந்தது. உற்பத்தியைக் கூட்டச் சொல்லி மேலிடத்தில் நெருக்குகிறார்கள், ஆட்கள் அடிக்கடி லீவு போடுகிறார்கள், மதியத்துக்குப் பிறகு தரம் தேறாமல் ஒதுக்கும் பீஸ், அதாவது ரிஜெக்‌ஷன் ஏறுகிறது, துளை போடும் ட்ரில்லிங் மெஷின் இன்னொன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீ தனித்தனியாக எழுதிய அந்த மூன்று புகாரும் எனக்கு ஒரே புகாராகத்தான் படுகிறது. உன் ஆட்களின் முதுகும் தோளும் சோர்ந்துபோயிருக்கின்றன. புது மெஷினைக் கொண்டுவந்து வைத்தாலும் அதன் முன்னால் நிற்கப்போவது அதே முதுகுதான்.

உடம்புவலியை ஒரு கணக்கிலும் உற்பத்தியை இன்னொரு கணக்கிலும் எழுதுவது ஆபீஸ் வழக்கம். என்னைப்போல லைனில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் எங்கே குனிகிறாரோ, எங்கே எட்டி எடுக்கிறாரோ, எங்கே திரும்பித் திரும்பித் தேடுகிறாரோ, அங்கேயேதான் நிமிஷங்களும் போகின்றன. குனிந்து நிமிர்வதால் பொருளின் மதிப்பு ஒரு துளியும் ஏறுவதில்லை. அதற்காக எந்த வாடிக்கையாளரும் காசு தரப்போவதில்லை.

இதை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிவிட்டார். ஃபிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர், இளம் வயதில் கொத்து வேலை பழகப் போனவர். ஒரே கொத்தனார் நிதானமாகக் கட்டும்போது ஒரு விதமாகவும், அவசரத்தில் வேறு விதமாகவும், சொல்லிக்கொடுக்கும்போது மூன்றாவது விதமாகவும் கையை அசைப்பதைக் கவனித்தார். செங்கல் காலடியில் கிடந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் தன் மேலுடம்பு முழுவதையும் இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. கில்பிரெத் சாரத்திலேயே கல்லுக்கும் கலவைக்கும் ஒரு தட்டு வைத்து, சுவர் உயர உயர அதையும் உயர்த்திக்கொள்ளும்படி செய்தார். நல்ல முகம் பார்த்துக் கல்லை அடுக்கித் தருவது உதவியாளரின் வேலையானது. ஒரு கல்லுக்கு 18 அசைவாக இருந்தது 5 ஆகக் குறைந்தது. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள். யாரையும் விரட்டிப் பெற்ற வேகம் இல்லை அது. அவர் மனைவி லில்லியன் உளவியல் படித்தவர். களைப்பைப் பற்றிக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தார், 1924இல் கணவர் இறந்த பிறகும் பல வருஷம் அதே துறையில் உழைத்தார். அந்த அம்மாவைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

சரி, உன் தளத்துக்கு வருகிறேன். ஒரு ஷிப்ட் முழுக்க ஒரு ஓரமாக நின்று வெறுமனே பார். ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு போகாதே. வேகமாகச் செய்து காட்டினால் நாளைக்கு டார்கெட்டை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் எல்லா ஆபரேட்டருக்கும் உண்டு. கடிகாரத்தைக் கண்டதும் நிஜமான வேலை உன் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ளும். ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு. எது கஷ்டமாக இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்று சொல். மறைத்தால் அவர்களே வேறு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

காஸ்டிங், அதாவது வார்ப்புப் பாகங்கள் இருக்கும் பெட்டிகள் தரையில்தான் கிடக்கின்றன என்று எழுதியிருந்தாய். அதைத்தான் முதலில் மாற்றவேண்டும். தூக்குவதற்கு நியோஷ் என்ற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை என்பது அதன் தொடக்கம். சாதகம் என்றால் பெட்டி உடம்போடு ஒட்டினாற்போல் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும், கைப்பிடி தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும், உடம்பைத் திருகக் கூடாது, அடிக்கடி தூக்கவும் கூடாது. அதே பெட்டியைத் தரையிலிருந்து, 50 சென்டிமீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த 23 கிலோ 9 கிலோவுக்கும் கீழே போய்விடுகிறது. பெட்டியின் எடை மாறவில்லை, அது இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. நாலு காலும் ஒரு தகடும் வெல்டிங் வைத்து முட்டிக்கு மேல் ஒரு ஸ்டாண்டு அடிக்க உன் ஆட்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெட்டி காலியாகக் காலியாகத் தட்டு தானே மேலே வரும்படி ஸ்பிரிங் வைத்த டிராலியும் கிடைக்கிறது, ஆனால் முதலில் ஸ்டாண்டு போதும்.

எல்லாருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்ப்பா. பெல்ட் கட்டுவதால் முதுகுக் காயம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அதே நியோஷ் பார்த்துச் சொல்லியாகிவிட்டது. பெல்ட் கட்டியதும் இன்னும் கொஞ்சம் தூக்கலாம் என்ற தைரியம் வருவதுதான் மிச்சம்.

அப்புறம் பெஞ்ச் உயரம். எல்லா பெஞ்சும் ஒரே உயரம், ஆட்கள் மட்டும் ஒரே உயரம் இல்லை. அளவுகோல் ஆளின் முழங்கைதான். கைக்கு லேசான அசெம்பிளி வேலை என்றால் முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே. கண் வைத்துச் செய்யும் நுணுக்கமான வேலை என்றால் முழங்கைக்குச் சற்று மேலே, கையை ஊன்றிக்கொள்ள இடத்தோடு. அழுத்தித் தட்டும் வேலைக்கு இன்னும் கீழே போகலாம், 40 சென்டிமீட்டர் வரைகூட. பெஞ்சை உயரமான ஆளுக்கு ஏற்ப வைத்துக் குள்ளமானவருக்குக் காலடியில் ஒரு பலகை போடு. பலகையைத் தலைகீழாக்கி உயரமானவரைச் சமாளிக்க முடியாதல்லவா!

மதியத்துக்குப் பிறகு ரிஜெக்‌ஷன் ஏறுவதற்கு நீ ஆட்களின் கவனக்குறைவைக் காரணம் சொல்கிறாய். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. கையை ஓயாமல் அசைப்பதைவிட, தூக்கிய கையை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதிகமாகக் களைப்பாக்கும். இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது, விட்டு விட்டுத் தளர்ந்தால்தான் ஓடும். இடது கையால் பீஸை அழுத்திப் பிடித்து வலது கையால் ஹேண்டிலை இழுக்கும் ஆள், மத்தியானத்துக்குள் பாதி பலத்தை வெறும் பிடிப்பிலேயே செலவழித்திருப்பார். அது ஆபத்தும்கூட. ட்ரில் பிட் துளையில் மாட்டிக்கொண்டால் பீஸ் கையோடு சுற்றும். பீஸை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு ஃபிக்சர், அதில் பிடியைச் சாய்த்தால் இறுகும் நல்ல டாகிள் கிளாம்ப் இருந்தால், அந்தக் கையை விடுவிக்கும். இடம் தவறித் துளை விழுவதும் அதோடு குறையும். காற்றழுத்தத்தில் ஓடும் நியூமேட்டிக் ஸ்குரூடிரைவரைக் கையில் சுமக்க விடாமல், மேலே அதன் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பேலன்சரில் தொங்கவிடு. வெளிச்சத்தையும் பார்த்துக்கொள். சின்ன பாகங்களைப் பொருத்தும் பெஞ்சில் 500 லக்ஸாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆள் கண்ணைப் பீஸுக்குக் கொண்டுபோவார், பின்னாலேயே கழுத்தும் வளையும்.

பிரஸ்ஸில் டை, அதாவது தகட்டை அழுத்தி வடிவாக்கும் அச்சு, மாற்ற அரை ஷிப்ட் ஆகிறது, அதனால்தான் ஒரேயடியாக ஒரு மாதத்துக்கு அடித்து வைத்துவிடுகிறோம் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளரின் நினைவு வந்தது. 1969இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸுக்கு டை மாற்ற நாலு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவர் வழிகாட்டலில் அதை முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், பிறகு மூன்று நிமிஷத்துக்கும் கொண்டுவந்தார்கள். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே முடித்து வைக்கக்கூடியது எது என்று பிரித்ததுதான் அதன் ஆரம்பம். உன் இடத்தில் பிரஸ்ஸை நிறுத்திவிட்ட பிறகுதானே ஸ்பானர் தேடப் போகிறார்கள்? போல்ட், அடியில் வைக்கும் பேக்கிங் துண்டு, அடுத்த டை எல்லாம் பிரஸ் பக்கத்தில் டிராலியில் வந்து நின்ற பிறகு சுவிட்சை அணை. இது ஒன்றிலேயே கணிசமான நேரம் மிஞ்சும். பிறகு எல்லா டையின் கிளாம்ப் உயரத்தையும் ஒன்றாக்கு. அப்படிச் செய்தால் ஒரே நீள போல்ட் போதும், ஒரே ஸ்பானர் போதும். டை ரேக்கும் பிரஸ் மேடையும் ஒரே மட்டத்தில் இருந்தால் உருளையில் தள்ளிவிடலாம். இப்போது இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

டை சீக்கிரம் மாறினால் ஒரு மாதத்துக்கு அடித்து வைக்கவேண்டிய அவசியமும் போய்விடும். வழியெல்லாம் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்தால் நிறைய வேலை நடப்பதுபோலத் தெரியும். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்த எளிய கணக்கு ஒன்று உண்டு. தளத்தில் 600 பீஸ் கிடக்கிறது, நாளுக்கு 100 வெளியே போகிறது என்றால், ஒரு பீஸ் உள்ளே வந்து வெளியே போகச் சராசரியாக ஆறு நாள். கிடப்பதை 300 ஆக்கினால் மூன்று நாள், யாரும் கூடுதலாக வியர்க்காமலே. வழியும் திறக்கும், டிராலி நேராகப் போகும், பெட்டியை நகர்த்தி அடுத்த பெட்டியை எடுக்கும் தண்ட வேலையும் நிற்கும்.

இதையெல்லாம் ஒரே சமயத்தில் ஆரம்பிக்காதே. உன் லைனில் எந்த இடத்தின் முன்னால் மட்டும் எப்போதும் பெட்டி குவிகிறதோ அங்கே ஆரம்பி. மற்ற இடங்களில் வேகம் கூட்டினால் அந்தக் குவியல்தான் பெருகும். அது ட்ரில்லிங்தான் என்று நீ உறுதியாக எழுதியிருக்கிறாய், எனக்கென்னவோ அதற்கு அடுத்து, துளை ஓரத்துப் பிசிறைத் தேய்த்து எடுக்கும் டீபர்ரிங்தான் என்று சந்தேகம். ட்ரில்லிங்காரர் அடிக்கடி நிற்பது பீஸ் வராததாலா, போட்ட பீஸை வைக்க இடம் இல்லாததாலா? இடம் இல்லாததால் என்றால் நீ வாங்கப்போகும் மெஷின் குவியலை இரண்டு மடங்காக்கும்.

சுவரில் போர்டு மாட்டுவது, தரையில் மஞ்சள் கோடு அடிப்பது போன்றவற்றைக் கடைசியில் வைத்துக்கொள். வெளியாட்கள் பார்வையிட வரும்போது உதவும். எதை மாற்றினாலும் அந்த இடத்தில் நிற்கும் ஆளைக் கேட்டு மாற்று. முதலில் அட்டையையும் கயிற்றையும் வைத்து ஒப்புக்கு ஒன்றைக் கட்டி அவரையே ஒரு வாரம் பயன்படுத்தச் சொல். பிடிக்காவிட்டால் அவரே பிய்த்துப்போடட்டும், வெல்டிங் பிறகு வைக்கலாம். மிச்சமான நேரத்தைக் காட்டி உடனே ஆளைக் குறைக்கும் யோசனை மேலிடத்தில் வந்தால் அதற்கு மட்டும் நீ குறுக்கே நிற்கவேண்டும். ஒருவரை அனுப்பினாலும் போதும், அதற்கு அடுத்த நாளிலிருந்து யாரும் உனக்கு எந்த யோசனையும் சொல்ல மாட்டார்கள்.

தளத்தின் படம் ஒன்று வரைந்து அனுப்பு, மெஷின்கள் இருக்கும் இடத்தோடு. ஒரு பீஸ் ஸ்டோர்ஸிலிருந்து பேக்கிங் வரை போகும் வழியைப் பென்சிலால் இழு. கோடு தன்னையே வெட்டிக்கொள்ளும் இடங்களை நான் பார்த்துச் சொல்கிறேன். டீபர்ரிங்கில் உட்காரும் அந்த அக்காவின் முழங்கை உயரத்தையும் பெஞ்ச் உயரத்தையும் அளந்து எழுது. கிரைண்டர் பிடித்து விரல் மரத்துப்போகிறதா, குளிரில் வெளுத்துப்போகிறதா என்றும் கேள். ஆமாம் என்றால் முதலில் டாக்டரிடம் அனுப்பு, அதிர்வு தொடர்ந்தால் அது திரும்பாத பாதிப்பாகிவிடும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: காற்று கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது, பெரியதாக வாங்கணும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாய். லீவு நாளில் மற்ற எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு லைன் ஓரமாக நட. சரியாகப் பராமரிக்காத இடங்களில் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போவது சாதாரணம். சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போ, கசியும் இடத்தில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.