வளையம் நின்னுடுச்சு, எல்லாருக்கும் நன்றி

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு இறுக்கிப் புடிக்கிற கடைசி கிளாம்ப்ப கழட்டினேன், நான் கட்டுற கயாக்கோட (துடுப்புப் படகு) காக்பிட் வளையம், அதான் உக்கார்ற குழிய சுத்தி வர்ற மர விளிம்பு, அப்படியே நிக்குது!! கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. நீராவி காட்டி வளைக்கப் போய் மரம் மூணு தடவ ஒடிஞ்ச கதைதான் உங்க எல்லாருக்கும் தெரியுமே, திரும்பக் கிளற வேணாம்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவப் பத்தி எழுதியே ஆகணும். ரெண்டு வருஷமா ஹலோ, இன்னிக்கு ஸ்னோ ஜாஸ்தி, இவ்ளோதான் எங்க பேச்சு. அன்னிக்கு கராஜ் கதவு திறந்து கெடந்துச்சு, உள்ள வந்தவர் ஒடிஞ்ச துண்ட எடுத்து கட்டைவிரலால தடவிப் பாத்துட்டு, "கடையில வாங்கினதா? சூளையில வச்சு ஈரமே இல்லாம காய வச்சிருப்பாங்க, நீ எவ்ளோ ஆவி காட்டினாலும் ஒடியத்தான் செய்யும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அர மணி நேரத்துல தோள்ல ஒரு ஆஷ் பலகையோட வர்றாரு. அவர் வாசல்ல நின்ன மரமாம். 2002ல இந்த வின்ட்சர், டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிச்ச அந்தப் பச்ச வண்டு ஆஷ் மரத்தையெல்லாம் கொன்னு தீத்துச்சுல்ல, அதுல போனது. பூச்சி பட்டைக்கு அடியிலதான் திங்கும், உள்மரம் நல்லாத்தான் இருக்கும்னு அறுத்து ஷெட்ல காத்தாட அடுக்கி வச்சிருக்காரு, எதுக்குன்னு அவருக்கே தெரியாதாம். மர ரேகை நூல் புடிச்ச மாதிரி நேரா ஓடுது. ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவின்னு கணக்கு, கால் இஞ்ச் கனத் துண்டுக்கு கால் மணி போதும், பயத்துல இருபது நிமிஷம் வச்சேன். வளைக்கும்போது ஒரு சின்ன சத்தம்கூட இல்ல.

பிவிசி பைப்ப வளையமா அறுத்து கீறி அம்பது கிளாம்ப் பண்ணிக் குடுத்த ஆபீஸ் நண்பர், எபாக்ஸி பசை நாத்தத்த பொறுத்துக்கிட்ட வீட்டம்மா, ஸ்டாப்வாட்ச் புடிச்ச பொண்ணு, போன்லயே தைரியம் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கிரீன்லாந்துல மரமே பெருசா கெடையாது, கடல் ஒதுக்கின கட்டையில கயாக் கட்டியிருக்காங்க, நான் கார்டு தேச்சு வாங்கினத வளைக்கத் தெரியாம அழுதிருக்கேன்.

மிச்சப் பலகையில தாத்தாவுக்கு ஒரு கைத்தடி செய்யறதா இருக்கேன், அவர்ட்ட சொல்லிடாதீங்க.

இன்னிக்கு காலைல கூட்டிட்டு வந்து வளையத்தக் காட்டினேன். தண்ணி உள்ள வராம இடுப்புல கட்டுற ஸ்ப்ரே ஸ்கர்ட்ட மாட்டுற உதட்டுக்கு அடியில விரல விட்டு ஒரு சுத்து தடவிட்டு, "இங்க எபாக்ஸி கட்டி நிக்குது, தேய்"ன்னாரு. தேச்சுக்கிட்டு இருக்கேன்.