மூலப்படி எது, புரூஃப் எது?

மதுரை

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலம்தான் காரணம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நம்ம பேத்தி மலர் பிளஸ் டூ அல்லவா, ராத்திரி சாப்பிட்டதும் உயிரியல் புத்தகத்தை என் கையில் திணித்து, "கேளுங்க தாத்தா" என்று உட்கார்ந்துவிடுவாள். அவள் ஒப்பிக்க, நான் வரி பார்ப்பேன். உயிரின் குறிப்பை எழுத்தெழுத்தாக வைத்திருக்கும் டிஎன்ஏ, அது நகல் எடுக்கப்படும் பாடம் அப்படித்தான் என்னிடம் வந்தது. நாற்பது வருஷம் அச்சகத்தில் கிடந்தவனுக்கு அதில் இவ்வளவு சொந்த விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

டிஎன்ஏவின் முறுக்கிய ஏணிப் படத்தை நீயும் பார்த்திருப்பாய். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் கேம்பிரிட்ஜில் இருந்து சொன்னது. அதற்குக் கைகொடுத்த எக்ஸ்ரே படம் லண்டனில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுடைய ஆய்வில் எடுத்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வாட்சனுக்குக் காட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் புரூஃபை, பிழை பார்க்க எடுக்கும் அச்சுத்தாளை, நாங்கள் பக்கத்து மேசைக்குக்கூடக் காட்ட மாட்டோம். சரி, அது போகட்டும்.

ஏணியில் நான்கே எழுத்து. அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின். சின்ன வயதில் அச்சகத்துக்கு வந்து, ஈய எழுத்தில் 'க' ஏன் திரும்பி நிற்கிறது என்று கேட்பாயே? அச்சைப் பார்த்தால் தாளில் விழப்போவது தெரியும், தாளைப் பார்த்தால் அச்சு தெரியும். அதேதான் இங்கேயும். நகல் எடுக்கும்போது ஏணி நடுவே இரண்டு இழையாகப் பிரிகிறது. பழைய இழை ஒவ்வொன்றையும் பார்த்துப் புது இழை கோக்கப்படுகிறது. ஆக, எந்த நகலிலும் பாதி பழசு. 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் பாக்டீரியாவுக்குக் கனமான நைட்ரஜனைக் கொடுத்து வளர்த்து, இதை நிரூபித்தார்கள்.

எழுத்துக் கோக்கும் வேலையைச் செய்வது நொதி என்கிற ஒரு புரதம். அதற்கு ஒரு பிடிவாதம்: ஒரே திசையில்தான் கோக்கும். இரண்டு இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அதனால் ஒரு பக்கம் வேலை நிற்காமல் போகிறது, மறுபக்கம் துண்டு துண்டாகக் கோத்துப் பிறகு ஒட்டவேண்டியிருக்கிறது. ஒகசாகி துண்டுகள் என்று மலர் சொன்னதும், ஜப்பான் பெயராயிற்றே, நீ இருக்கும் பக்கமோ என்று தேடினேன். உன் நகோயா பல்கலைக்கழகமேதான்! ரெய்ஜி, சுனேகோ என்று கணவனும் மனைவியுமாக 1960-களில் கண்டுபிடித்தது. ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர், அணுகுண்டுக் கதிர்வீச்சு பட்டவர். 1975-இல் 44 வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். அந்த அம்மா ஆராய்ச்சியை விடவில்லை.

அப்புறம் நம்ம தொழில், பிழை திருத்துவது. அந்த நொதி சுமார் லட்சத்துக்கு ஒரு எழுத்தைத் தப்பாக வைக்குமாம். உடனே ஒரு அடி பின்வாங்கி, அதைக் கழற்றி, சரியானதை வைக்கும். அதையும் மீறி நழுவியதைப் பிடிக்கப் பின்னாலேயே வேறொரு புரதக் கூட்டம். கடைசியில் நூறு கோடிக்கு ஒன்று மிஞ்சினால் அதிகம்.

ஆனால் ஜோடி பொருந்தாத இடத்தில் எது தப்பு, பழைய இழையா புதியதா? இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவைத்துச் சிரித்தேன். உனக்கு அந்த மிளகாய் கதை தெரியாது. ஒரு வைத்தியப் புத்தகம் மறுபதிப்புக்கு வந்தது. மூலப்படியும் அச்சுத்தாள், புரூஃபும் அச்சுத்தாள், கரண்ட் வேறு இல்லை. பழையதில் 'மிளகு பத்து', புதியதில் 'மிளகாய் பத்து'. நான் இரண்டையும் மாற்றி எடுத்துக்கொண்டு, சரியாக இருந்த மிளகை அடித்து மிளகாய் என்று எழுதிவிட்டேன். சளிக் கஷாயத்துக்குப் பத்து மிளகாய்! ஐந்நூறு பிரதியிலும் நானும் உன் அம்மாவும் உட்கார்ந்து பேனாவால் திருத்தினோம். அன்றிலிருந்து மூலப்படியின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு சுழி போட்டுவைப்பேன்.

ஈ.கோலை பாக்டீரியாவும் அதைத்தான் செய்கிறது. பழைய இழையில் ஆங்காங்கே மெத்தில் என்று ஒரு அடையாளம் இருக்கும். புதியதில் அது விழக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள், அடையாளம் இல்லாத பக்கத்தை வெட்டித் திருத்திவிடுகிறது.

பல்கலைக்கழகத்தில் ஒகசாகி பெயரில் ஏதாவது பலகை இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, மலர் கேட்கிறாள். திருத்தாமல் தப்பிய மிளகாய்ப் பிரதி ஒன்று பரணில் கிடைத்தது. அதையும் அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்புடன்,
அப்பா