ஸ்கேட்போர்ட் சக்கரத்தைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்ட் வாங்கும் பெற்றோர் பலகையில் உள்ள படத்தையும் விலையையும் பார்க்கிறார்களே தவிர, அடியில் இருக்கும் சக்கரங்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன். அதன் பலனாக என் மகன் நான்கு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தான்.

எங்கள் பாடாங் செராய் வட்டாரத்தில் தாமான் சாலைகள் பல ஒட்டுப்போட்ட தார்ச் சாலைகள். செம்பனை லோரிகள் திரும்பும் முனைகளில் சரளைக் கல்லும் உதிர்ந்த பழங்களும் கிடக்கும். மகன் விழுந்த இடத்தில் நான் தேடி எடுத்த கல் சுண்டைக்காய் அளவுகூட இல்லை. சக்கரம் அதன்மேல் ஏறாமல் முட்டி நின்றுவிட்டது. பிள்ளை மட்டும் முன்னால் போய் விழுந்தான்.

அந்தச் சக்கரங்களில் 52 மில்லிமீட்டர், 101ஏ என்று அச்சிட்டிருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். முதல் எண் விட்டம், இரண்டாவது கடினம். வழுவழுப்பான சிமெண்டுத் தளத்தில் குதித்து வித்தை காட்டுவோருக்கு 50 முதல் 54 மில்லிமீட்டர் வரையிலான கடினமான சக்கரம் மிகப் பொருத்தமானது, ஏனெனில் அது இலேசானது, சட்டென வேகம் எடுப்பது. கரடுமுரடான சாலையில் ஓட்டுவதற்கோ 60 மில்லிமீட்டரை ஒட்டிய, 78ஏ முதல் 85ஏ வரையிலான மென்மையான சக்கரம் வேண்டும். சக்கரம் பெரிதானால் கல்லின்மேல் எளிதில் ஏறும். மென்மையானால் கல் பட்ட இடம் சற்று அமுங்கி வழிவிடும். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்ற அமெரிக்கர் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் சக்கரங்களை இவ்விளையாட்டுக்குக் கொண்டுவரும்வரை, கடினமான களிமண் கலவைச் சக்கரங்களில் ஓட்டியவர்களும் சிறு கல்லில் முட்டி இப்படித்தான் விழுந்தார்கள். நசுங்கிய பழத்தின் எண்ணெயில் மட்டும் எந்தச் சக்கரமும் வழுக்கும் என்பதால், அங்கே பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதே நல்லது.

வடிவத்தையும் பார்க்க வேண்டும். விளிம்பு உருண்டு, தரையில் படும் பகுதி குறுகலாக இருந்தால் சக்கரம் பக்கவாட்டில் எளிதாகச் சறுக்கும்; அது வித்தைக்கு உதவும். தரையில் படும் பகுதி அகலமாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருந்தால் வளைவில் பிடிப்பு கிடைக்கும், புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அதுதான் தேவை.

ஓர் எச்சரிக்கை: பெரிய சக்கரத்தை மாட்டினால் திரும்பும்போது அது பலகையின் அடிப்பாகத்தில் உரசிச் சட்டென நின்றுவிடக்கூடும். பலகைக்கும் அச்சுக்கும் இடையே கால் அங்குலத் தடிமனுள்ள ‘ரைசர்’ என்ற இடைத்தகட்டை வைத்து, சற்று நீளமான திருகாணி போட்டதும் எங்களுக்கு அது சரியாயிற்று. பெரும்பாலான சக்கரங்கள் 608 என்ற ஒரே அளவு பேரிங்கையே ஏற்பதால், பழைய பேரிங்கைக் கழற்றிப் புதிய சக்கரத்தில் பொருத்திக்கொள்ளலாம். முழுப் பலகையையும் மாற்ற வேண்டியதில்லை.

நம் வட்டாரத்துக் கடைக்காரர்கள் இவ்விரு எண்களையும் விலைச்சீட்டில் மலாயிலும் தமிழிலும் எழுதி, எந்தச் சாலைக்கு எது பொருந்தும் என்று வாங்குவோருக்குச் சொல்லித் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
பாடாங் செராய், கெடா