காலில் பாதி அரைக்கால்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

டல்லாஸுக்கு வடக்கே இருக்கிற எங்கள் ஊரில் உங்களில் சிலரை நன்றாகத் தெரியும், சிலரை முகம் மட்டும்தான் தெரியும். யார் பெயரையும் போடாமல் எழுதுகிறேன், படிக்கும்போது உங்களுக்கே புரிந்துவிடும். தமிழ் தெரியாதவர்களுக்கு என் மகள் ஆங்கிலத்தில் சொல்வாள். அவள் இப்போது ஏழாம் வகுப்பு.

அமெரிக்க அரசிடமிருந்து பள்ளிகளுக்கு வந்த கொரோனா நிவாரணப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்வதற்கான கெடு 2024 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தப் பணத்தில் வேலைக்கு வந்தவர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள். வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இந்த மடலை இப்போது எழுதிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது மகள் இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு முழுக்க வீட்டு மேசையில், லேப்டாப் முன்னால். நானும் கணவரும் பக்கத்து அறைகளில் மீட்டிங்கில் இருப்போம். எட்டிப் பார்த்தால் ஹெட்போனோடு அமைதியாக உட்கார்ந்திருப்பாள், படிக்கிறாள் என்றே நம்பினோம். 2021 வசந்தத்தில், டெக்சஸ் மாநிலம் வருடாவருடம் நடத்தும் ஸ்டார் தேர்வை நேரில் போய் எழுதினாள். கணக்கில் தேறவில்லை. உட்கார வைத்துக் கேட்டேன்: எட்டில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா? எட்டில் ஒன்றுதான் என்றாள், எட்டுதானே பெரிய எண் என்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பிள்ளை மட்டும்தான் இப்படியோ என்று அப்போது யாரிடமும் வாய் திறக்கவில்லை. 2022-இல் தேசிய மதிப்பீட்டுத் தேர்வின் முடிவு வந்தபோதுதான் தெரிந்தது: நாடு முழுக்க நாலாம் வகுப்புக் கணக்கில் சராசரி 5 புள்ளியும், எட்டாம் வகுப்பில் 8 புள்ளியும் இறங்கியிருந்தது. அந்தத் தேர்வின் வரலாற்றில் கணக்கில் அவ்வளவு பெரிய சரிவு வந்ததே இல்லை.

முதல் நன்றி, பணத்தை எப்படிச் செலவிடுவது என்று உட்கார்ந்து யோசித்த எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (எங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அலுவலர்களுக்கும் போர்டு உறுப்பினர்களுக்கும். மூன்று தவணையாக ஏறக்குறைய 19,000 கோடி டாலர் நாட்டின் பள்ளிகளுக்கு வந்தது. அதில் 2021 மார்ச்சில் வந்த கடைசித் தவணைதான் பெரியது, 12,200 கோடி. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தன் பங்கில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளைகள் விட்ட பாடத்தைப் பிடிப்பதற்கென்றே செலவிட வேண்டும் என்று சட்டம் சொன்னது. எப்படி என்பதை அந்தந்த ஊருக்கே விட்டுவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள ஊர்களுக்கு அதிகம் போனது, அதுதான் நியாயமும்கூட. எங்களுக்கு வந்தது அவ்வளவு பெரிய தொகை இல்லை. அதை நீங்கள் ட்யூஷன் சொல்லித்தர ஆட்களை வைப்பதில் போட்டீர்கள்.

அப்புறம், ட்யூஷனைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே வைத்தீர்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. பல ஊர்களில் ஆன்லைன் ட்யூஷனுக்குப் பணம் கட்டி, வேண்டியவர்கள் நுழைந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் தேடிப்போய்க் கேட்கும். தனக்குத் தெரியவில்லை என்பதே தெரியாத என் மகள் மாதிரிப் பிள்ளை எப்படிப் போகும்? நீங்கள் அவளைத் தேடி வந்தீர்கள். 2021-இல் டெக்சஸில் சட்டமான 4545-ஆம் மசோதா, தேறாத பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு 30 மணி நேரம், ஒரு குழுவில் மூன்று பேருக்கு மேல் கூடாது என்றது. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். இருபது வாரம்.

அதற்கு முன்னால் 2021 கோடை வகுப்பு. காலையில் அழைத்துப்போன பஸ் டிரைவர் ஐயாவுக்கும், காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் கொடுத்த உணவுக்கூட அம்மாக்களுக்கும் நன்றி. பஸ் இல்லையென்றால் வேலைக்குப் போகும் நாங்கள் நிச்சயம் அனுப்பியிருக்க மாட்டோம்.

இந்தத் திட்டம் பற்றிய பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆங்கிலம் சரளமாக வராத நம்மூர்ப் பெற்றோருக்கு மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த அக்கா, உங்களுக்கு. பெற்றோரைக் கலந்துதான் திட்டம் போட வேண்டும், அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல முயல வேண்டும் என்று அந்தப் பணத்துக்கான அரசு விதியிலேயே இருக்கிறது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “கை தூக்கு, கேளு” என்று என் முழங்கையைத் தட்டியதும் நீங்கள்தான். ட்யூஷன் பள்ளி நேரத்திலா, முடிந்த பிறகா என்று அன்று நான் கேட்டது என் வாழ்க்கையில் மைக் பிடித்துக் கேட்ட முதல் கேள்வி.

இனி, ட்யூஷன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு.

ஓய்வு பெற்ற பிறகு திரும்பி வந்தவர் நீங்கள். மூன்று பிள்ளைகள், ஒரு சின்ன மேசை. இரண்டாவது வாரமே ஒன்றைக் கவனித்தீர்கள்: கணக்கைப் படித்ததும் இவள் உதடு அசைகிறது. என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். திட்டுவீர்களோ என்று பயந்து, தமிழில் சொல்லிப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள். நீங்களோ, அப்படியா, பின்னங்களுக்கு உங்கள் மொழியில் பெயர் உண்டா, வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினீர்கள்.

எனக்கு அரை, கால், முக்காலோடு சரி. கோவில்பட்டியில் இருக்கும் என் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டோம். அம்மாவுக்கு அப்போது காலை ஆறு மணி. “காலுல பாதி அரைக்கால், அரைக்கால்ல பாதி மாகாணி” என்று ஆரம்பித்தவர், இரு என்று எழுந்து போய் அடுப்படியிலிருந்து உழக்கையும் ஆழாக்கையும் எடுத்து வந்தார். படியில் காலே உழக்கு, அரைக்காலே ஆழாக்கு. ஆழாக்கில் அரிசியைத் தலைதட்டி உழக்கில் கொட்டினார். பாதிதான் நிறைந்தது. இன்னொரு ஆழாக்கு கொட்டினார், விளிம்பு வரை வந்தது. போனை இவ்வளவு கிட்டக்கப் பிடித்துக்கொண்டு பார்த்த என் மகள், “அப்போ எட்டில் ஒன்றுதான் சின்னது” என்றாள். மெதுவாக, தனக்குத்தானே.

மறுநாள் நீங்கள் அவளை எழுந்து நின்று மற்ற இருவருக்கும் அதைச் சொல்லவைத்தீர்கள். அரைக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறதே என்று போர்டில் எழுதிப் பார்த்தீர்களாம். கேமராவை அணைத்துவிட்டு ஒரு வருடம் பதில் சொல்லாமல் இருந்த பிள்ளை அன்று வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினாள். அடுத்த வசந்தத்தில் ஸ்டாரில் தேறினாள். பெரிய மதிப்பெண் எல்லாம் இல்லை, தேறினாள். கணக்குப் புத்தகத்தை அவளாகவே எடுக்க ஆரம்பித்தாள்.

உங்கள் வேலையும் இந்தப் பணத்தோடு முடிந்துவிட்டது என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ட்யூட்டர்களை ஊர் வரிப்பணத்திலாவது தொடர வேண்டும் என்று அடுத்த போர்டு கூட்டத்தில் கேட்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். அக்கா, இந்த முறை நீங்கள் தட்ட வேண்டாம்.

டீச்சர், இந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா உங்களுக்கென்று ஒரு பித்தளை உழக்கும் ஆழாக்கும் கொடுத்தனுப்பினார். புளி போட்டுத் துலக்கி, பழைய துணியில் சுற்றி, பள்ளி அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நாலாம் வகுப்பில் உங்கள் மேசையில் உட்கார்ந்த பிள்ளையின் அம்மா