எண்ணைப் பார்த்துப் பை கேட்காதீர்கள்: டெங்கு வார்டு மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்து மழை விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்கினால் ரத்த மையங்களின் மேசையில் ஒரே மாதிரியான கோரிக்கைப் படிவங்கள் குவியும். "காய்ச்சல், டெங்கு பாசிட்டிவ், பிளேட்லெட் 28,000, ஆர்.டி.பி. நான்கு, அவசரம்." ஆர்.டி.பி. என்பது ஒருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் பை. எங்காவது ரத்தம் கசிகிறதா, காய்ச்சல் எத்தனையாவது நாள், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் இடத்தின் சதவீதம்) எவ்வளவு என்ற மூன்று கட்டங்களும் அநேகமாகக் காலியாகவே இருக்கும். படிவத்தோடு வந்து நிற்கும் உறவினர், வார்டில் சொன்ன எண்ணை அப்படியே ஒப்பிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நோயைப் பற்றி அவருக்குச் சொல்லப்பட்டது அந்த ஒரு எண் மட்டும்தான்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. ரத்தக் கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு, எண்ணிக்கை இறங்கிவிட்டது என்பதற்காக மட்டும் தட்டணு (பிளேட்லெட்) ஏற்றாதீர்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பெரியவர்களிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. எல்லோருக்கும் தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே. விடாத கசிவோ பெருங்கசிவோ எவருக்கும் இல்லை. பாதிப் பேருக்குத் தட்டணு ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஏற்றியவர்களில் 21 சதவீதத்தினருக்கும் ஏற்றாதவர்களில் 26 சதவீதத்தினருக்கும் பிறகு ரத்தக் கசிவு வந்தது. புள்ளியியல் கணக்கில் இது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். பாதகமான விளைவுகளோ ஏற்றிய பக்கம் 13, ஏற்றாத பக்கம் 2. அந்தப் பதின்மூன்றில் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையும், நுரையீரல் பாதிப்பும், நீர்ச்சுமை ஏறியதும் உண்டு.

ஏற்றிய தட்டணு ஏன் நிலைப்பதில்லை? டெங்கு வைரஸ் முதல் சில நாட்களில் எலும்பு மஜ்ஜையை அமுக்கி வைக்கிறது. தட்டணுக்களை உதிர்க்கும் பெரிய செல்களான மெகாகேரியோசைட்டுகள் அப்போது வேலை செய்வதில்லை. கூடவே, வைரஸின் என்.எஸ்.1 புரதத்துக்கு எதிராக உடல் செய்யும் எதிர்ப்பொருள்களில் சில, சொந்தத் தட்டணுக்களையே பிடித்து அழிக்கின்றன. அந்த எதிர்ப்பொருள்களின் கண்ணுக்கு நோயாளியின் தட்டணு, கொடையாளியின் தட்டணு என்ற பேதம் கிடையாது. இரண்டு நாள் பொறுத்தால் மஜ்ஜை தானே விழித்துக்கொள்ளும். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி இயந்திரம், மஜ்ஜை புதிதாக வெளிவிட்ட முதிராத் தட்டணுக்களின் விகிதத்தையும் தருமென்றால் அதைப் பாருங்கள். அது 10 சதவீதத்தைத் தாண்டி ஏறியிருந்தால், பெரும்பாலும் அடுத்த ஓரிரு நாளில் எண்ணிக்கை எழுந்துவிடும்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 450 மில்லி ரத்தத்திலிருந்து பிரிக்கும் ஒரு ஆர்.டி.பி. பையில் சுமார் 4,500 கோடித் தட்டணுக்கள் இருக்க வேண்டும். பெரியவர் உடலில் 5 லிட்டர் ரத்தம் என்று கொண்டால், ஒரு மைக்ரோலிட்டருக்கு 9,000 ஏறும். அதில் மூன்றில் ஒரு பங்கை மண்ணீரல் எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவது 6,000. நான்கு பைக்கு 24,000. இது காய்ச்சலே இல்லாத, அழிவே நடக்காத உடலுக்கான கணக்கு. டெங்கு நோயாளியிடம் மறுநாள் காலையில் இதில் பெரும்பகுதி தடமில்லாமல் போயிருக்கும். ஒற்றைக் கொடையாளியிடமிருந்து இயந்திரம் எடுக்கும் எஸ்.டி.பி. பையில் 30,000 கோடி இருக்கும். கதை அங்கேயும் அதேதான்.

எல்லா நோய்க்கும் இப்படியென்று நாங்கள் சொல்லவில்லை. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவது உதவுகிறது. 2013இல் வெளிவந்த பிரிட்டன், ஆஸ்திரேலிய ஆய்வில் 600 பேரில், எண் 10,000க்குக் கீழே போனதும் ஏற்றிக்கொண்டவர்களுக்கு 43 சதவீதமும், ஏற்றாமல் காத்திருந்தவர்களுக்கு 50 சதவீதமும் கசிவு வந்தது. அங்கே மஜ்ஜை வாரக்கணக்கில் எழுந்திருக்காது. ஐந்து நாளே ஆயுள் உள்ள பையை டெங்கு வார்டில் வீணாக்கினால், அதே வாரம் லுகேமியா குழந்தைக்குப் பை இருக்காது. எங்களுக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

டெங்குவில் எப்போது கேட்கலாம்? வாந்தியில் ரத்தம், கருப்பு மலம், நிற்காத மாதவிலக்கு, மூளையில் கசிவு என்ற சந்தேகம், அவசர அறுவை, பிரசவம் என்றால் தயங்காமல் கேளுங்கள். கசிவே இல்லாவிட்டாலும் 10,000க்குக் கீழே போனால் ஏற்றலாம் என்பது தேசிய வழிகாட்டுதல். உலக சுகாதார நிறுவனம் அதைக்கூடப் பரிந்துரைக்கவில்லை. தோலில் சிவப்புப் புள்ளிகள், பல் துலக்கும்போது ஈறில் துளி ரத்தம் எல்லாம் கணக்கில் வராது. பெருங்கசிவு என்றாலும் முதலில் தேவைப்படுவது பேக்டு செல் எனும் சிவப்பணுப் பைதான், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி. தட்டணு அதற்குப் பிறகு.

டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ரத்தக் குழாயை விட்டு வெளியே ஒழுகுவதால். காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, 24 முதல் 48 மணி நேரம் இது நடக்கும். உடம்பு குளிர்ந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று குடும்பம் பையைக் கட்டும் நேரமும் அதுதான். அப்போது பார்க்க வேண்டியது பி.சி.வி. தொடக்கத்தில் 36 இருந்து 43ஐத் தொட்டால் கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறிவிட்டது என்று பொருள், ஒழுகல் தொடங்கிவிட்டது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, சோர்ந்து கிடப்பது என்ற எச்சரிக்கை அறிகுறிகளும் சேர்ந்தால் நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட், கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி, ஒன்று இரண்டு மணி நேரம்; பிறகு 3 முதல் 5; பிறகு 2 முதல் 3. ஒவ்வொரு படியிலும் பி.சி.வி.யை மறுபடி பாருங்கள், சிறுநீர் அளவைக் குறியுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் மணியில் 300 முதல் 420 மில்லி. ஒழுகியது ரத்தத்துக்குத் திரும்பும் கட்டத்திலும் சலைன் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் சேரும். அந்த நேரத்தில் போய் நான்கு ஆர்.டி.பி. ஏற்றினால் இன்னும் 200 முதல் 280 மில்லியை உள்ளே தள்ளுகிறீர்கள்.

சிபிசி இயந்திரம் இரவில் ஓடாத சிறு மருத்துவமனைகள் பி.சி.வி.க்காகக் காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நுண்குழாயில் ரத்தம், ஒரு முனையில் களிமண் அடைப்பு, மைக்ரோ சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம், அளவுகோலில் வைத்துப் படித்தால் முடிந்தது. செவிலியர் அறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அந்த எண். 28,000 என்று அச்சாகி வருவது உண்மையிலேயே 28,000தானா? ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்ததும் எட்டு முதல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது, அப்படியே ஸ்டாண்டில் செருகவும் கூடாது. மெல்லிய நரம்பைத் தேடித் தேடிக் குத்தி, சிரிஞ்சில் ஒரு நிமிடம் நின்ற ரத்தத்தைக் குழாயில் தள்ளினால் உள்ளேயே சிறு ரத்தக் கட்டி உருவாகிவிடும். தட்டணுக்கள் அந்தக் கட்டிக்குள் போய்விட்டால் இயந்திரம் எதை எண்ணும்? எங்கள் ஆய்வகங்களில் 50,000க்குக் கீழ் வரும் ஒவ்வொரு மாதிரியிலும் மரக்குச்சியை விட்டுக் கட்டி இருக்கிறதா என்று துழாவிப் பார்க்கிறோம். இருந்தால் அந்த முடிவு செல்லாது. புது மாதிரி வேண்டும்.

கட்டி இல்லாமலும் எண் பொய் சொல்லும். சிலருடைய தட்டணுக்கள், ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. ரசாயனத்தைத் தொட்டாலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அல்லது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவைச் சுற்றி வளையமாக நிற்கும். நோயாளியின் உடலில் ஒரு குறையும் இருக்காது, குழாயில் மட்டும்தான் குறைவு. நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வந்த எண்ணை 1.1ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். நீலக் குழாயில் 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம், கோடு வரை நிரப்புங்கள். பருமனான தட்டணுக்களைச் சிவப்பணு என்று எண்ணிவிடும் இயந்திரங்களும் உண்டு. உடைந்த சிவப்பணுத் துணுக்குகளைத் தட்டணு என்று எண்ணி உயர்த்திக் காட்டுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மருந்து, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி லீஷ்மன் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதுதான். எண்ணெய் லென்ஸில் பத்து புலங்களைப் பார்த்து, சராசரியை 15,000ஆல் பெருக்கினால் தோராயக் கணக்கு கிடைக்கும். புலத்துக்கு ஆறு ஏழு தட்டணு தெரிகிறது, இயந்திரம் 20,000 என்கிறது என்றால் சில்லை நம்புங்கள். இந்தத் தாழ்ந்த அளவில் 18,000க்கும் 22,000க்கும் இடையிலான வித்தியாசத்துக்கு மருத்துவத்தில் எந்த அர்த்தமும் இல்லை. ஆறு மணிக்கொரு தடவை சிபிசி எடுத்து, நாலாயிரம் குறைந்ததற்குப் பதறுவது நோயாளியின் கையைத்தான் புண்ணாக்கும்.

உண்மையாகவே தேவைப்பட்டுப் பை வாங்கினீர்கள் என்றால், அதைக் கெடுக்காமல் ஏற்றுங்கள். தட்டணு 20 முதல் 24 டிகிரியில், ஆட்டுமேடையில் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் லாக்டிக் அமிலம் சேர்ந்து அமிலத்தன்மை ஏறி அது சாகும். குளிரில் வைத்தால் தட்டு வடிவம் போய் உருண்டையாகும். மேற்பரப்பின் புரதங்கள் கொத்துக் கொத்தாகச் சேரும். உடலுக்குள் போனதும் கல்லீரல் அதைப் பொறுக்கி விழுங்கிவிடும். குளிர்ந்த தட்டணு பற்றி இப்போது நடக்கும் ஆராய்ச்சிகள், ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் காயக்காரருக்கு உடனடி அடைப்பு போடுவதற்கானவை. அதை நம் வார்டு ஃபிரிட்ஜுக்குச் சாக்காக்க வேண்டாம். ஆனால் உறவினர் கையில் ஐஸ் போட்ட டப்பாவைக் கொடுத்து, பேக்டு செல்லோடு சேர்த்துத் தட்டணுவையும் வாங்கி வரச் சொல்வது இன்னும் நடக்கிறது. தட்டணுவுக்கு ஐஸ் இல்லாத தனி டப்பா கொடுத்தனுப்புங்கள். வந்ததும் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அமுக்கிப் பாருங்கள். பட்டுத் துணி மினுங்குவதுபோல் உள்ளே சுழல் தெரிய வேண்டும். மந்தமாகக் கலங்கலாக இருந்தாலோ, கட்டிகள் தெரிந்தாலோ திருப்பி அனுப்புங்கள். வாங்கிய கையோடு, வடிகட்டி உள்ள புதுச் செட்டில், ஒரு பைக்கு அரை மணிக்குள் ஏற்றிவிடுங்கள். சிவப்பணு ஏற்றிய பழைய செட்டில் தட்டணு வலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அறை வெப்பத்தில் இருக்கும் பொருளாதலால் கிருமி வளரும் வாய்ப்பும் இதில்தான் அதிகம். ஏற்றும்போது குளிர்நடுக்கம் வந்தால் நிறுத்திவிட்டு, பையை எறியாமல் எங்களிடம் அனுப்புங்கள். பலன் இருந்ததா என்று அறிய, முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு எண்ணிக்கை எடுங்கள். மறுநாள் எடுத்தால் ஒன்றும் புரியாது.

காய்ச்சலுக்கு இடுப்பில் டைக்லோஃபெனாக் ஊசி போடும் பழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தட்டணு இறங்கியிருக்கும் நோயாளிக்குத் தசையில் குத்தினால் அங்கேயே ரத்தம் கட்டும். மருந்தோ, இருக்கும் தட்டணுவையும் வேலை செய்யவிடாது. ஆஸ்பிரின் இன்னும் மோசம், அது தொட்ட தட்டணு தன் ஏழு முதல் பத்து நாள் ஆயுள் முழுக்க முடமாகிவிடும். பாராசிட்டமால் போதும். பப்பாளி இலைச்சாறு குடித்த பிறகு எண் ஏறியது என்பார்கள். ஐந்தாம் ஆறாம் நாளில் குடிக்கத் தொடங்கினால் எதைக் குடித்தாலும் எட்டாம் நாளில் ஏறும். வாந்தி எடுக்கும் நோயாளியை அந்தக் கசப்பைக் குடிக்கச் சொல்லி வதைக்காமல், ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்.

காய்ச்சலோடு தட்டணு குறைந்தால் எல்லாமே டெங்கு ஆகிவிடாது. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று ஆடையை விலக்கிப் பாருங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல்) என்றால் டாக்சிசைக்ளின்தான் வேலை செய்யும். ஆயிரம் பை ஏற்றினாலும் தீராது. சில்லில் உடைந்த சிவப்பணுக்கள் தெரிந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறி, நினைவும் தடுமாறினால் டி.டி.பி. என்ற நோயாக இருக்கலாம். அதில் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் ரத்தக் கட்டி உருவாகித்தான் தட்டணு தீர்ந்துபோகிறது; தேவைப்படுவது பிளாஸ்மா மாற்றம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போட்ட ஐந்தாம் நாளுக்குப் பிறகு எண் பாதியாக விழுந்தாலும் அப்படியே, ஹெப்பாரினை நிறுத்துங்கள், தட்டணு கேட்காதீர்கள்.

நிர்வாகிகளிடம் கேட்பது இரண்டு. கோரிக்கைப் படிவத்தில் காய்ச்சல் நாள், கசிவின் இடம், இன்றைய பி.சி.வி., சில் பார்த்தாயிற்றா என்ற நான்கு கட்டங்களைக் கட்டாயமாக்குங்கள். காலியாக வந்தால் பையைத் தயார் செய்துகொண்டே வார்டுக்குத் தொலைபேசியில் கேட்போம். கசிவுள்ள நோயாளிக்கு எதற்காகவும் தாமதிக்க மாட்டோம். இரண்டாவது, பணி மருத்துவர் "ஏற்றத் தேவையில்லை" என்று எழுதியபின் உறவினர் சத்தம் போட்டால் அவர் தனியாக நிற்கக் கூடாது. மூத்த மருத்துவர் ஒருவர் வந்து, பி.சி.வி. தாளைக் காட்டி, குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பெயரைப் பணிப் பட்டியலில் இப்போதே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ரத்த மையங்களிலும் ரத்தவியல் ஆய்வகங்களிலும் பணிபுரிவோர்